நாலு மணி நேரமும் நாலு இட்லியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 29 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். வயது 63. சர்க்கரை ஆலை ஊர்க்காரிக்குச் சர்க்கரை வந்ததில் என்ன அதிசயம் என்று என் தம்பி கேலி செய்வான். அந்தச் சர்க்கரையும், கூடவே வந்த ரத்தக் கொதிப்பும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டன. ஓய்வு பெற்ற வருடமே, கிட்னிக்குப் பதிலாக மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் ஆரம்பித்தது. ஐந்து வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கடலூரில் ஒரு மையத்தில் செய்துகொள்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் சிகிச்சைக்குக் கைக்காசு போவதில்லை. மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர்களை மாட்டிவிடுவதற்காக நான் இதை எழுதவில்லை.

என்னை எழுத வைத்தது ஒரு பலகை. மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் ஹாலின் கதவில் தொங்கவிட்டார்கள். "சிகிச்சை நடக்கும்போது உணவுப் பொருட்கள் கொண்டுவரவோ உண்ணவோ கூடாது." சிவப்பு எழுத்து. கீழே யார் கையெழுத்தும் இல்லை. அதற்கு முந்தின வாரம்வரை அதே ஹாலில் ஆளுக்கொரு தூக்குவாளி, ஆளுக்கொரு பொட்டலம். இட்லி, பொங்கல், பிஸ்கட், டீ, சில நாள் பரோட்டாகூட. படுத்தபடியே பரோட்டா தின்ற ஒருவருக்குத் தொண்டையில் சிக்கி, கண் மேலே செருகி, எல்லோரும் ஓடி வந்து முதுகில் தட்டி வெளியே எடுத்தார்கள். மறுநாள் பலகை வந்துவிட்டது.

பலகை வைத்ததே தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் எனக்கே ஒருமுறை நடந்திருக்கிறது.

போன வருடம் ஆடி மாதம். அன்றைக்கு எடுக்க வேண்டிய தண்ணீர் இரண்டு கிலோ நானூறு. (எங்கள் உலகத்தில் தண்ணீரை லிட்டரில் சொல்ல மாட்டோம், கிலோவில்தான் சொல்வோம். சிறுநீர் வராத உடம்பில் குடித்ததெல்லாம் எடையாக நிற்கும். சிகிச்சை முடிந்ததும் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று டாக்டர் வைத்திருப்பதற்கு டிரை வெயிட் என்று பெயர். எனக்கு 48.) காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. எட்டரை மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் இரண்டு ஊசி, அசைக்கக் கூடாது. வலது கையால் டப்பாவைத் திறந்து நாலு இட்லி, சாம்பாரை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டேன். ஃபிளாஸ்க்கில் இருந்த காபியையும் குடித்தேன். அமிர்தமாக இருந்தது.

இருபது நிமிடம் போயிருக்கும். கொட்டாவி வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். அப்புறம் டி.வி. சத்தம் தூரத்தில் கேட்டது, யாரோ காதில் பஞ்சு வைத்த மாதிரி. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு கல்லாகிவிட்டது. "தம்பி" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்தேன் போலிருக்கிறது, குரல் வரவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாதான் கத்தியிருக்கிறார். பிரஷர் 150ல் இருந்தது 80க்கு வந்துவிட்டதாம். தலையைத் தாழ்த்தி, காலைத் தூக்கி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். இட்லி முழுவதும் என் புடவையிலேயே வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு கிலோ தண்ணீரை உடம்பிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கியது. இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே விடிந்தது.

டெக்னீஷியன் தம்பி மறுமுறை பொறுமையாக விளக்கினார். சாப்பிட்டவுடன் செரிக்கிற வேலைக்காக ரத்தம் வயிற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். மெஷினில் இருக்கும்போது ஒரு பக்கம் ரத்தத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறோம். நீங்கள் இன்னொரு பக்கம் ரத்தத்தை வயிற்றுக்கு அனுப்புகிறீர்கள். அப்புறம் தலைக்கு எங்கிருந்து போகும் அம்மா என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரே தண்ணீர்த் தொட்டி, இரண்டு குழாயையும் முழுசாகத் திறந்தால் மாடிக்கு ஏறாது.

சரி, அப்படியென்றால் பலகை நியாயம்தானே என்று கேட்பீர்கள். பாதி நியாயம். மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. எனக்கு ஊசி போட்டு மெஷின் ஓட ஆறரை ஆகும். அதற்கு நான் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலு மணிக்கே எழுந்தால்தான் முடியும். நாலு மணி நேரம் முடிந்து, ஊசியை எடுத்து, ரத்தம் நிற்கிறவரை பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்து, எடை பார்த்து, தலை சுற்றல் அடங்க உட்கார்ந்து வெளியே வரும்போது பதினொன்றரை. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. நான் பக்கத்து ஊர். குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி உள்பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட. முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் மதியம்வரை பட்டினி. வாரம் மூன்று நாள் என்றால் வருடத்துக்கு 156 நாள். கோவிலுக்கு விரதம் இருப்பவர்கூட இத்தனை நாள் இருப்பதில்லை.

எங்களில் பாதிப்பேருக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். பலகை வந்த இரண்டாவது வாரம், எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர். வழக்கம்போலக் காலையில் இன்சுலினைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி சாப்பிடுவார், அன்றைக்கு பஸ் லேட், நேராக ஹாலுக்கு வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு அவருடைய சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. ஏ.சி. ஓடுகிற ஹாலில் வியர்வை. பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்கிறார். குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஐந்து நிமிடத்தில் எழுந்து பார்த்தார். அவருடைய பையில் மகள் வைத்து அனுப்பிய நாலு பிஸ்கட் இருந்தது. பலகைக்குப் பயந்து தொடவில்லை.

இன்னொன்று நடக்கிறது, அது டாக்டருக்குத் தெரியுமா தெரியவில்லை. போர்வை. பலகை வந்த பிறகு எங்கள் ஹாலில் குளிர் ரொம்ப அதிகமாகிவிட்டது! எல்லோரும் கழுத்துவரை போர்த்திக்கொள்கிறார்கள். உள்ளே பார்த்தால் பன், வாழைப்பழம், நேற்று முறுக்கு. முறுக்குச் சத்தம் போர்வைக்குள் அடங்குமா? சிஸ்டர் வந்தால் மென்று முடிக்காமலே விழுங்கிவிடுகிறார்கள். அதுவும் மல்லாந்து படுத்தபடி, ஒரு கையால். பரோட்டாக்காரருக்கு என்ன நடந்ததோ அது மறுபடி நடக்க இதைவிட நல்ல வழி வேண்டுமா? வெளிப்படையாகச் சாப்பிட்டபோது டெக்னீஷியன் தம்பி "என்னம்மா, எவ்வளவு?" என்று கேட்டுச் சாப்பிட்ட எடையைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். முந்நூறு கிராம் உள்ளே போனால் முந்நூறு கிராம் எடை கூடும், அதையும் சேர்த்துத்தான் தண்ணீர் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். போர்வைக்குள் போனது யார் கணக்கில் வரும்? அது போக, உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்ததும் சிலர் வெளிக்கடையில் ஆறு பூரியை ஒரேயடியாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே பிரஷர் இறங்குகிறது.

இப்போது முட்டைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கிட்னி கெட்டுப்போக ஆரம்பித்து டயாலிசிஸ் தொடங்காத காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பருப்பைக் குறை, கறியைக் குறை, முட்டையை யோசித்துச் சாப்பிடு. வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம் ஆகிவிடும். என் மகன் என் தட்டில் பருப்பைப் பார்த்தால் சண்டைக்கே வருவான். டயாலிசிஸ் ஆரம்பித்த அன்றைக்குக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. மெஷினில் ரத்தத்தை வடிகட்டுகிற ஃபில்டர் கெட்ட உப்புகளை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுப்பதில்லை. புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகளான அமினோ அமிலங்களும் அதோடு போகின்றன, ஒரு முறைக்கு 6 முதல் 8 கிராம் என்று சொல்கிறார்கள். ஒரு முழு முட்டையில் இருக்கிற புரதம் ஏறத்தாழ 6 கிராம். ஆக ஒவ்வொரு முறையும் ஒரு முட்டைக்கு மேல் சாக்கடையில் போகிறது. அதனால்தான் டயாலிசிஸ்காரர்கள் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு 48 முதல் 58 கிராம். இட்லி ஒன்றில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை இட்லி?

நான் எப்படிக் கரைந்தேன் என்பதை ஜாக்கெட்டில் பார்த்தேன். முதல் இரண்டு வருடத்தில் கைப்பகுதியை மூன்று முறை பிடித்துத் தைத்தாயிற்று. எடை பார்த்தால் பெரிதாகக் குறையவில்லை, அந்த இடத்தில் தண்ணீர் நின்றது. சதை போய் நீர் வந்தால் தராசுக்கு என்ன தெரியும்? சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு. சாயங்காலம் உட்கார்ந்து எழுந்திருக்கக் கதவைப் பிடிக்க வேண்டும். டயாலிசிஸ் நாளில் காலைச் சாப்பாடு போய்விடும், மதியம் களைப்பில் தூங்கிவிடுவேன், ராத்திரி இரண்டு இட்லி. எந்த நாளில் புரதம் அதிகமாகப் போகிறதோ அந்த நாளில்தான் எல்லாவற்றிலும் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

புதுச்சேரியில் நர்ஸாக இருக்கும் என் மருமகள்தான் வழி காட்டினாள். "அத்தை, மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளைக் கருவைச் சாப்பிடுங்க. புரதம் வரும், உங்களுக்கு ஆகாத பாஸ்பரஸ் அவ்வளவாக வராது." இரண்டு வெள்ளைக் கருவில் ஏழு கிராம் அளவுக்குக் கிடைக்கிறது. உப்பு வேண்டாம், மிளகுத்தூள் போதும். மஞ்சள் பேரனுக்கு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மெஷினில் ஏறி அரை மணிக்குள், கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தச் சொல்லி, இரண்டு வெள்ளைக் கருவும் ஒரு ரொட்டித் துண்டும் சாப்பிட்டு வந்தேன். சாம்பார் கிடையாது, காபி கிடையாது. எல்லாம் சேர்த்து நூறு கிராம்தான். எட்டு மாதம் அப்படிச் சாப்பிட்டேன். ஒருமுறைகூடப் பிரஷர் இறங்கவில்லை. ரத்தத்தில் அல்புமின் என்கிற புரதத்தைப் பார்ப்பார்களே, அது கொஞ்சம் ஏறியது. கதவைப் பிடிக்காமல் எழுந்திருக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பலகை வந்தது.

நாலு இட்லி என்னைச் சாய்த்தது. இரண்டு வெள்ளைக் கரு சாய்க்கவில்லை. ஒரே ஆள், ஒரே கட்டில், ஒரே மெஷின். எவ்வளவு, எப்போது, எப்படி உட்கார்ந்து என்பதுதான் வித்தியாசம். பலகையில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

எல்லோருக்கும் நான் செய்தது சரிப்படும் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஹாலிலேயே ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் குடித்தாலே பிரஷர் சரியும். அவள் சாப்பிடக் கூடாது, வந்து ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும், அல்லது இறங்கிய பிறகு. விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேண்டாம்.

அப்புறம் பலாச்சுளை. இந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். கடிதம் நீளம் என்று எனக்கே தெரிகிறது, வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். எங்கள் ஹாலில் மட்டுமில்லை, டயாலிசிஸ் நடக்கிற இடத்தில் எல்லாம் ஒரு பேச்சு உண்டு. "மெஷின்ல இருக்கும்போது எதை வேணும்னாலும் சாப்பிடலாம், மெஷின் இழுத்துடும்." வீட்டில் தொட விடாத பழமெல்லாம் அன்றைக்கு வரும். இளநீர், வாழைப்பழம், சாக்லேட். பண்ருட்டியிலிருந்து வருகிற ஒருவர் சீசனில் பலாச்சுளையை வாழை இலையில் கட்டிக்கொண்டு வந்தார். கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது பத்து சுளை. ஹால் முழுக்க மணம், எங்களுக்கெல்லாம் எச்சில் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். நாம் பலா தின்னக் கூடாது என்பதற்குக் காரணம் பொட்டாசியம். அது ஏறினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகும். மெஷின் எடுப்பது அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடுகிற பொட்டாசியத்தை. வயிற்றில் கிடக்கிற பலாச்சுளையை அது எப்படி எடுக்கும்? அது செரித்து ரத்தத்தில் சேரச் சில மணி நேரம் ஆகும். பத்து மணிக்குத் தின்ற சுளை ரத்தத்துக்கு வரும்போது அவர் பண்ருட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார், மெஷினில் வேறொருவர் படுத்திருப்பார். அவருக்கு அடுத்த டயாலிசிஸ் மூன்று நாள் கழித்து. நல்லவேளை, சிஸ்டர் பார்த்துவிட்டார். பத்தில் ஆறு சுளை போயிருந்தது. டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மாலைவரை வைத்திருந்து ஈ.சி.ஜி.யும் ரத்தமும் பார்த்துத்தான் விட்டார். உப்புக்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதுவும் பல பாக்கெட்டுகளில் பொட்டாசியம்தான். கிட்னிக்காரர் வீட்டில் அது வேண்டாம்.

பலகை மாட்டியவர்கள் சொல்லாத ஒரு காரணத்தை நானே சொல்கிறேன். டயாலிசிஸ் ஹால் ரத்தம் புழங்குகிற இடம். ஊசி எடுக்கும்போது ஒரு துளி தெறிக்கும், கட்டில் கம்பியில் படும், கையுறையில் படும். மஞ்சள் காமாலைக் கிருமிகள் அப்படித்தான் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகின்றன. பக்கத்துக் கட்டிலில் ஊசி போடுகிற நேரத்தில் நாம் டப்பாவைத் திறக்கக் கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல், நம்முடைய பண்பாடு. பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, "கொஞ்சம் எடுத்துக்குங்க" என்று நீட்டாமல் நம்மால் வாயில் வைக்க முடியாது. நான் இருபத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டவள். எனக்கு அது இன்னும் கஷ்டம். ஆனால் அந்த ஹாலில் பங்கு போடக் கூடாது. கிருமி ஒரு காரணம், அவருக்கு ஆன சாப்பாடு எனக்கு ஆகாது என்பது இன்னொரு காரணம். முட்டை வாடை பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஒரு சைவக் குடும்பத்து அம்மா வாந்தி வருகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. வேகவைத்து ஓட்டை உரித்து, வீட்டிலேயே கழுவி, மூடி இறுக்கமான டப்பாவில் கொண்டுபோனால் வாடை அவ்வளவு இருக்காது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கட்டிலை மாற்றிப் போட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று மருமகளிடம் தேடச் சொன்னேன். அமெரிக்காவில் பல மையங்களில் சாப்பிட விடுவதில்லையாம். ஐரோப்பாவில் பல இடங்களில் மையமே தட்டில் வைத்துச் சாப்பாடு தருகிறதாம். 2018ல் சிறுநீரக ஊட்டச்சத்து நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் இதைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆபத்து இருக்கிறது, ஆனால் ஆளைப் பார்த்து, கவனித்துக் கொடுத்தால் நன்மை அதிகம் என்கிற பக்கம்தான் அது சாய்கிறது என்றாள். பெரிய பெரிய டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிற விஷயத்தை எங்கள் கதவில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

நான் கேட்பது இதுதான். எங்களுக்கெல்லாம் ஒவ்வொரு ஃபைல் இருக்கிறது, அதில் டிரை வெயிட் எழுதியிருக்கிறது, மருந்து எழுதியிருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்து எழுதட்டும்: இவர் சாப்பிடலாமா, கூடாதா, எத்தனை கிராம், எந்த நேரத்துக்குள். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து ரிப்போர்ட் பார்க்கும்போது இரண்டு நிமிட வேலை. சாப்பிடலாம் என்றவர் கட்டிலை நிமிர்த்திக்கொண்டு சாப்பிடட்டும், யாராவது ஒருவர் கண் வைத்திருக்கட்டும், அதற்குப் பிறகு பிரஷரை ஒரு தடவை கூடுதலாகப் பார்க்கட்டும். சர்க்கரைக்காரர்களுக்கு ஏறுவதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் குத்திப் பார்த்துவிடட்டும். டயாலிசிஸ் நாளில் இன்சுலின் எவ்வளவு, பிரஷர் மாத்திரை காலையிலா இறங்கிய பிறகா, பாஸ்பரஸ் ஏறாமல் தடுக்கிற மாத்திரையைச் சாப்பாட்டோடுதானே போட வேண்டும், அதைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமா, இதெல்லாம் யாராவது கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்கத் தெரியாதவர்கள்தான் எங்களில் அதிகம். கூடக் காவலுக்கு வருகிறவரை உள்ளே விடுவதில்லை, சரி. இறங்கி வந்ததும் உட்கார்ந்து சாப்பிட வெளியே ஒரு பெஞ்சும் கை கழுவ ஒரு குழாயும் போட்டால் கோடிப் புண்ணியம். இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அதற்கு மேலும் ஒரு ஆசை இருக்கிறது. பேராசை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இது நடக்குமா என்று கேட்டவர்கள் நிறைய. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முட்டை என்பது எப்போதாவது ஒரு நாள் வருகிற விருந்து. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2010ல் வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. என் பள்ளியில் 212 பிள்ளைகள். காலையில் அட்டை அட்டையாக வந்து இறங்கும். வாளித் தண்ணீரில் போடுவோம், மிதப்பது தனி, மூழ்குவது அண்டாவுக்கு. ஆயாவும் உதவியாளரும் நானும் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் உரித்துவிடுவோம். விரல் நுனி சிவந்துவிடும். ரிஜிஸ்டரில் வரவு, செலவு, உடைந்தது, இருப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய வேலை முடியும். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு முட்டை குறைந்ததில்லை.

எங்கள் மையத்தில் பத்துக் கட்டில், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். எல்லோரும் சாப்பிட்டாலும் ஆளுக்கு ஒரு முட்டை வீதம் முப்பது. முப்பது முட்டைக்கு என்ன செலவாகிவிடும்? காப்பீட்டுப் பணத்தில் ஒவ்வொரு முறையும் ஃபில்டருக்கும் டியூபுக்கும் மருந்துக்கும் கொடுக்கிற அரசு, ஃபில்டரில் போகிற புரதத்துக்கு ஒரு முட்டையைச் சேர்க்க முடியாதா? சைவம் என்பவர்களுக்கு டயட்டீஷியன் வேறு ஏதாவது அளந்து சொல்லட்டும். யார் அவிப்பது, யார் உரிப்பது என்று கேட்டால் நான் இருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி எனக்கு ஒரு கை கட்டியிருக்கும். மற்ற நாளில் இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது.

மையத்தில் இதைப் பேசாமல் பத்திரிகைக்கு எழுதுகிறாயே என்று கேட்கலாம். பேசினேன். "மேலிடத்து உத்தரவு அம்மா" என்றார்கள். மேலிடம் எங்கே இருக்கிறது, என்ன பஸ் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்கு இருப்பவர்கள், மேலிடத்தை அவர்களும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அந்த மேலிடத்தில் யாராவது உங்கள் பத்திரிகை படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமையும் நாலே முக்கால் பஸ்ஸில் வருவேன். என் பையில் வெள்ளைக் கரு இரண்டு இருக்கும், ரொட்டித் துண்டு ஒன்று, மிளகுத்தூள் பொட்டலம் ஒன்று. பையை எல்லோரும் பார்க்கிற மாதிரி மேசையிலேயே வைப்பேன், போர்வைக்குள் வைக்க மாட்டேன். தம்பியிடம் கேட்பேன். கூடாது என்றால் திறக்க மாட்டேன், இறங்கிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்வேன். போன வியாழக்கிழமை அப்படித்தான் சாப்பிட்டேன். கீழ்ப்படியில் அந்த இன்சுலின் பெரியவர் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒன்று நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
நெல்லிக்குப்பம் அருகில், கடலூர் மாவட்டம்.

(பெயரைப் போட வேண்டாம். சனிக்கிழமையும் அதே கட்டிலில்தான் படுக்க வேண்டும்.)